வளர்ச்சி ஹார்மோன் ஊசி: போடக் கற்றுத்தருவது யார் வேலை?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில், எங்கள் ஊருக்கு இரண்டு பேருந்து நிறுத்தம் தள்ளி வசிக்கும் ஓர் இளம் தாய், கையில் ஒரு பிளாஸ்டிக் டப்பாவுடன் என் வீட்டுக்கு வந்தார். அவருடைய ஆறு வயது மகனுக்கு வளர்ச்சி ஹார்மோன் குறைபாடு இருப்பது கண்டறியப்பட்டு, ஊசி தொடங்கி மூன்று வாரங்களே ஆகியிருந்தன. டப்பாவைத் திறந்தபோது உள்ளே இருந்த கார்ட்ரிட்ஜின் (மருந்து அடைத்த சிறிய கண்ணாடிக் குழாய்) மேல் வெண்மையாக உறைபனி படிந்திருந்தது. "ஃபிரிட்ஜில வச்சா நல்லதுன்னா, ஃபிரீசர்ல வச்சா அதவிட நல்லதுல்லா டீச்சர்? நேத்து ஒண்ண வெளிய எடுத்து உருக வச்சுப் பார்த்தேன், தெளிவாத்தான் இருக்கு. போடலாம்லா?" என்று கேட்டார்.

போடக்கூடாது. ஒருமுறை உறைந்த மருந்து, உருகிய பின் எவ்வளவு தெளிவாகத் தெரிந்தாலும், குப்பைக்குத்தான் போகவேண்டும். அதை அவரிடம் சொல்வதற்குள் எனக்கு வாய் வறண்டுவிட்டது. ஏனென்றால் அந்தச் சிறிய கண்ணாடிக் குழாயின் விலை என்ன என்பதும், அதை வாங்க அந்த வீட்டில் எதை அடகு வைத்திருப்பார்கள் என்பதும் எனக்கு ஓரளவு தெரியும்.

நான் கல்குளம் வட்டத்தில் ஓர் அரசுப் பள்ளியில் தமிழாசிரியையாகப் பணிபுரிகிறேன். மருத்துவம் படித்தவள் அல்லள். என் மகளுக்கு 2016 முதல் 2023 வரை ஏழு ஆண்டுகள், நாள்தோறும் இரவில், ஏறக்குறைய 2,500 முறை இதே ஊசியை என் கையால் போட்டிருக்கிறேன் என்பது மட்டுமே இக்கடிதத்தை எழுத எனக்குள்ள தகுதி. மருத்துவர்கள் நோயைச் சரியாகவே கண்டுபிடிக்கிறார்கள். மருந்தும் நல்ல மருந்துதான். ஆனால் மருத்துவர் சீட்டை எழுதிக் கொடுக்கும் மேசைக்கும் குழந்தையின் தொடைக்கும் இடையே நீண்ட வழி ஒன்று இருக்கிறது. மருந்துக்கடை, பேருந்து, ஃபிரிட்ஜ், மின்வெட்டு, சிரிஞ்ச், பாட்டியின் பயம் எல்லாம் அந்த வழியில்தான் வருகின்றன. அவ்வழியைப் பெற்றோருக்குத் தமிழில், பொறுமையாக, கையைப் பிடித்துக் கற்றுத்தருவதற்கு ஆளில்லை என்பதே என் குறை.

மூளையின் அடியில் பட்டாணி அளவில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியிலிருந்துதான் வளர்ச்சி ஹார்மோன் சுரக்கிறது. அது போதிய அளவு சுரக்காத குழந்தைகள், உடல் அமைப்பில் குறையேதுமின்றியே, ஆண்டுக்கு மூன்று, நான்கு சென்டிமீட்டருக்கு மேல் வளராமல் நின்றுவிடுகிறார்கள். என் மகள் ஏழரை வயதில் 106 செ.மீ. உயரம்தான் இருந்தாள், மூன்றாம் வகுப்புப் பிள்ளையை ஒன்றாம் வகுப்பு வரிசையில் கொண்டுபோய் நிறுத்திய அனுபவம் எங்களுக்கு உண்டு. குள்ளமாக இருக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் இந்தக் குறைபாடு இல்லை. பெற்றோர் உயரம், சத்துக்குறைவு, தைராய்டு, குடல் நோய், பருவம் தாமதமாவது என்று காரணங்கள் பல இருப்பதால், இடது மணிக்கட்டின் எக்ஸ்ரே, மணிக்கணக்கில் உட்கார்த்திவைத்துப் பலமுறை இரத்தம் எடுக்கும் தூண்டல் சோதனை, எம்.ஆர்.ஐ. ஸ்கேன் ஆகிய யாவும் முடிந்த பிறகே ஊசி தொடங்கப்படுகிறது. எங்களுக்கு அதற்கே ஐந்து மாதங்கள் ஆயின.

ஊசி என்றதும் உறவினர்களிடமிருந்து முதலில் வந்த எதிர்ப்பு, "செத்தவங்க மூளையிலிருந்து எடுக்கிறதாமே" என்பதுதான். அது முழுப்பொய் அன்று, பழைய கதை. 1950களின் இறுதியிலிருந்து 1985 வரை, இறந்தவர்களின் பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து பிரித்தெடுத்த ஹார்மோனைத்தான் உலகெங்கும் குழந்தைகளுக்குக் கொடுத்தார்கள். அதன் வழியாகச் சிலருக்குக் கொடிய மூளைநோய் தொற்றியது தெரியவந்தபோது, 1985இல் அமெரிக்கா முதலிய நாடுகள் அந்த மருந்தை நிறுத்தின. அதே ஆண்டில், மரபணுத் தொழில்நுட்பத்தால் பாக்டீரியாவைக் கொண்டு தயாரித்த ஹார்மோன் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இன்று நாம் வாங்குவது இந்த இரண்டாவது வகை. இதை என் மாமியாருக்கு ஒரு மாலை முழுவதும் விளக்கினேன். "அப்போ சரி மக்களே" என்று அவர் சொன்னபின்தான் வீட்டில் அமைதி வந்தது. அதன்பிறகு நான் பணிக்காக வெளியூர் சென்ற நாட்களில் ஊசி தவறாமல் பார்த்துக்கொண்டவரும் அவரே.

இம்மருந்து 191 அமினோ அமிலங்கள் கோத்து, குறிப்பிட்ட வடிவில் மடிந்திருக்கும் ஒரு புரதம். முட்டையின் வெள்ளைக்கருவும் புரதம்தான். அது கொதித்து வெளுத்தபின், ஆறவைத்தால் மீண்டும் பழையபடி ஆவதில்லை அல்லவா? வளர்ச்சி ஹார்மோனை அதிக வெப்பத்தில் விட்டாலும், உறையவைத்தாலும், பலமாகக் குலுக்கினாலும் அப்படித்தான் அதன் மடிப்பு குலைந்துபோகிறது. முட்டையில் அந்த மாற்றம் கண்ணுக்குத் தெரியும். இதிலோ பெரும்பாலும் தெரியாது. கலங்கியிருந்தாலோ துகள்கள் மிதந்தாலோ போடக்கூடாது என்பது சரி. ஆனால் தெளிவாக இருப்பதாலேயே மருந்து நன்றாக இருக்கிறது என்று முடிவுகட்டக் கூடாது. அந்த இளம் தாய் தடுக்கி விழுந்தது இந்த இடத்தில்தான். 2017இல் நானும் இங்குதான் விழுந்தேன்.

2017 நவம்பர் 30ஆம் நாள் ஒக்கிப் புயல் எங்கள் மாவட்டத்தைப் புரட்டிப்போட்டதை இங்குள்ளவர்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. ரப்பர் மரங்களும் மின்கம்பங்களும் சாலைக்குக் குறுக்கே கிடந்தன. எங்கள் பகுதியில் மின்சாரம் திரும்ப ஒன்பது நாட்கள் ஆயின. அப்போது வீட்டில் மூன்று கார்ட்ரிட்ஜ்கள் இருந்தன. திறக்காத கார்ட்ரிட்ஜ் 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில் இருக்கவேண்டும். கதவைத் திறக்காமல் வைத்திருந்தால்கூட ஃபிரிட்ஜ் நான்கு மணி நேரம்தான் குளிரைத் தாங்கும். என் கணவர் எங்கிருந்தோ மீன் பெட்டிக்குப் போடும் ஐஸைக் கொண்டுவந்தார். நான் பதற்றத்தில் ஒரு கார்ட்ரிட்ஜை அட்டைப்பெட்டியோடு நேராக அந்த ஐஸ் கட்டிகளுக்கு நடுவே செருகிவிட்டு, மற்ற இரண்டையும் துண்டில் சுற்றி மேலே வைத்தேன். காலையில் பார்த்தபோது, செருகியதன் உள்ளே ஊசி ஊசியாகப் படிகம் கட்டியிருந்தது. அன்று நண்பகலில் அது உருகி, கிணற்று நீர்போலத் தெளிந்துவிட்டது. உடன்பணியாற்றும் ஆசிரியை ஒருவர், செவிலியரான தம் அக்காவிடம் எப்படியோ தொலைபேசியில் பேசிக் கேட்டுச் சொல்லியிராவிட்டால், அதை மகளுக்குப் போட்டிருப்பேன். அதற்குமுன், உறையக்கூடாது என்று எனக்கு எவரும் சொல்லியதில்லை. பெட்டிக்குள் இருந்த தாளில் பொடி எழுத்தில், ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. அதைத் தேடிக் கண்டுபிடித்தது அதன்பிறகுதான்.

மீதி இரண்டையும் தக்கலையில் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்த ஒரு மருந்துக்கடைக்காரர் தம் கடை ஃபிரிட்ஜில் வாங்கி வைத்துக்கொண்டார். விழுந்த மரங்களைத் தாண்டி நாங்கள் நடந்துபோய் எடுத்துவந்த நாட்களில் ஒருமுறைகூட அவர் முகம் சுளிக்கவில்லை. அப்புயலில் கணவனையும் மகனையும் கடலில் பறிகொடுத்த வீடுகள் எத்தனையோ இருக்கையில், ஒரு மருந்துக் குழாய்க்காக நான் அழுதது சிறுபிள்ளைத்தனம் என்று பின்னர் தோன்றியது. ஆயினும், அக்டோபர், நவம்பர் மழையில் ஆண்டுதோறும் மின்சாரம் போகும் ஒரு மாவட்டத்தில், குளிரில் வைக்கவேண்டிய மருந்தை எழுதிக் கொடுக்கும்போதே "மின்சாரம் போனால் என்ன செய்வாய்?" என்ற கேள்வியையும் கேட்டிருக்க வேண்டாமா?

மின்சாரம் இருக்கும் நாட்களிலும் ஃபிரிட்ஜ் ஒரே சீரான இடம் அன்று. எங்கள் பக்கத்து வீடுகளில் பெரும்பாலும் ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜ்தான். மேலே ஃபிரீசர், அதன் அடியில் பனி சொட்டும் தட்டு, கீழே மீன் கறிச் சட்டியும் அரைத்த தேங்காயும் மோரும். ஃபிரீசரின் அடியிலுள்ள அந்தத் தட்டில் வைத்தால் சில நாட்களில் உறைந்துவிடும்; கதவில் வைத்தால் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் வெப்பம் ஏறும்; பின்சுவரைத் தொட்டுக்கொண்டிருந்தாலும் ஆபத்து. நடுத்தட்டில், மூடியுள்ள டப்பாவில், ஒளி படாமல் வைப்பதே சரி. ஒரு சிறிய தெர்மாமீட்டரை வாங்கி அந்த டப்பாவின் பக்கத்திலேயே வைத்தோம்; மழைக்காலத்தில் எங்கள் ஃபிரிட்ஜ் 1 டிகிரிக்கு இறங்குவதை அது காட்டிக்கொடுத்தது. திறந்து பயன்படுத்தத் தொடங்கிய கார்ட்ரிட்ஜை எத்தனை நாள் வைக்கலாம் என்பது மருந்துக்கு மருந்து மாறும். பலவற்றுக்கு 28 நாட்கள், சிலவற்றுக்கு அதைவிடக் குறைவு. மருந்து கெடாமல் காக்கும் பொருள் சேராத நீரில் கரைத்த பொடி மருந்தென்றால் 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்திவிட வேண்டும். முதல் ஊசி போட்ட தேதியை ஸ்கெட்ச் பேனாவால் டப்பாவின் மேல் எழுதிவைப்பது எங்கள் வழக்கம். மருந்து மிச்சம் இருக்கிறதே என்று தேதி கடந்தும் இழுக்கும் ஆசை எல்லோருக்கும் வரும், எனக்கும் வந்ததுண்டு.

அடுத்ததாக அளவு. இதில் நடக்கக்கூடிய தவற்றைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன்; ஏனெனில் இது கணக்கில் மறைந்திருக்கும் தவறு. குறைபாடுள்ள குழந்தைக்குப் பொதுவாக ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 0.025 முதல் 0.035 மி.கி. வரை என்று கணக்கிட்டு மருத்துவர் அளவைத் தீர்மானிக்கிறார். அப்போது 16 கிலோ இருந்த என் மகளுக்கு 0.5 மி.கி. என்று எழுதினார்கள். இம்மருந்தில் 1 மி.கி. என்பது 3 யூனிட். ஆகவே அவளுடைய அளவு 1.5 யூனிட். மில்லிகிராமையும் யூனிட்டையும் மாற்றி எடுத்துக்கொண்டால் மருந்து மும்மடங்காகும், அல்லது மூன்றிலொன்றாகும். இது முதல் கண்ணி.

இரண்டாவது இதைவிட மோசமானது. முதலாண்டில் எங்களுக்குப் பேனா (கார்ட்ரிட்ஜைப் பொருத்தி, அளவை வைத்துப் போடும் பேனா வடிவ ஊசிக் கருவி) கிடைக்கவில்லை. 4 யூனிட் பொடியை 1 மி.லி. நீரில் கரைத்து, சர்க்கரை நோயாளிகள் பயன்படுத்தும் இன்சுலின் சிரிஞ்சில் எடுத்துப் போட்டோம். அந்தச் சிரிஞ்சில் உள்ள கோடுகள் இன்சுலினுக்கான யூனிட்டுகளே தவிர, வளர்ச்சி ஹார்மோனுக்கானவை அல்ல. சிவப்பு மூடி போட்ட யு-40 சிரிஞ்சில் 40 கோடுகள் சேர்ந்து 1 மி.லி.; ஆரஞ்சு மூடி போட்ட யு-100 சிரிஞ்சில் 100 கோடுகள் சேர்ந்து 1 மி.லி. நாங்கள் கரைத்த மருந்தில் 1.5 யூனிட் என்பது சிவப்பு மூடிச் சிரிஞ்சில் சரியாக 15ஆவது கோடு. "ஒன்றரை யூனிட்" என்று காதில் வாங்கிக்கொண்டு ஒன்றரைக் கோடு மட்டும் இழுத்தால், குழந்தைக்குப் போவது பத்தில் ஒரு பங்கு. "பதினைந்து கோடு" என்று மனப்பாடம் செய்துவைத்திருக்கும் வீட்டுக்கு, ஒருநாள் மருந்துக்கடையில் சிவப்பு மூடி இல்லை என்று ஆரஞ்சு மூடியைக் கொடுத்தால், போவது 0.6 யூனிட், பாதிகூட இல்லை. எங்களுக்கே இந்த இரண்டாவது தவறு பதினோரு நாட்கள் நடந்தது. மூடியின் நிறம் மாறியதை முதலில் கவனித்தவள் மகள். "அம்மா, இன்னைக்கும் மருந்து கொஞ்சமாத்தான் இருக்கு" என்று அவள் சொன்னபோது, வலி குறைவாக இருப்பதால் விளையாட்டாகச் சொல்கிறாள் என்றுதான் நினைத்தேன்.

நாங்கள் சிகிச்சை தொடங்கிய மருத்துவமனையில், நடைவழியில் நின்றபடியே ஐந்து நிமிடத்தில் ஊசி போடுவதைக் காட்டினார்கள். அந்தச் செவிலியரைக் குறைசொல்லேன். அவருக்குப் பின்னால் நாற்பது பேர் காத்திருந்தார்கள். அவர் காட்டினார், நான் பார்த்தேன், அவ்வளவே. என் கையால் ஒருமுறை செய்யவைத்து, தவற்றைத் திருத்த அங்கே நேரம் இல்லை. வகுப்பறையில் கரும்பலகையில் எழுதிக் காட்டியதாலேயே பிள்ளை கற்றுக்கொண்டுவிட்டது என்று எந்த ஆசிரியரும் நம்புவதில்லை.

ஆண்டுகள் போகப்போக நானே கற்றுக்கொண்டவை சில. பொடியில் நீரை விடும்போது குப்பியின் சுவரோரமாக மெல்ல விட்டு, உள்ளங்கைகளுக்கிடையே வைத்து மெதுவாகச் சுழற்றவேண்டும். இருமல் மருந்துபோலக் குலுக்கக்கூடாது. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துக் கால்மணி நேரம் கழித்துப் போட்டால் எரிச்சல் குறையும். ஸ்பிரிட் தடவிய இடம் காய்ந்தபின் குத்தினால் சுரீரென்று இருக்காது. பேனாவில் ஒவ்வொரு நாளும் புதிய ஊசிமுனை போடவேண்டும். பழைய முனையைப் பேனாவிலேயே விட்டுவைத்தால் மருந்து கசியும், காற்றுக்குமிழி ஏறும். புதிய கார்ட்ரிட்ஜ் போட்டதும் முனையில் ஒரு துளி தெரியும்வரை அழுத்திப் பார்த்துவிட்டே அளவை வைக்கவேண்டும். பொத்தானை முழுதும் அழுத்தியபின் உடனே உருவாமல் பத்து எண்ணவேண்டும். எங்கள் வீட்டில் அந்தப் பத்தை மகள்தான் எண்ணுவாள். கோபமாக இருக்கும் நாட்களில் வேண்டுமென்றே வேகமாக எண்ணுவாள். ஒரே இடத்தில் தொடர்ந்து குத்தினால் தோலுக்கடியில் உள்ள கொழுப்பு கரைந்து குழி விழும், மருந்தும் சரியாக ஏறாது. ஆகவே வலத்தொடை, இடத்தொடை, வயிற்றின் இருபுறம், பிட்டம் என்று நாட்காட்டியில் குறித்துவைத்து, முந்தைய இடத்திலிருந்து இரண்டு விரல் தள்ளியே போடுவோம். உடலில் இயல்பாகவே இந்த ஹார்மோன் உறக்கத்தில்தான் அதிகம் சுரப்பதால் படுக்கப்போகும் நேரமே ஏற்றது. ஒருநாள் விட்டுப்போனால் மறுநாள் இரண்டு மடங்கு போடக்கூடாது. ஒரே வீட்டில் இரண்டு பிள்ளைகளுக்குச் சிகிச்சை நடந்தாலும், ஊசிமுனையை மாற்றினாலும்கூட, ஒருவர் பேனாவை மற்றவருக்குப் பயன்படுத்தவே கூடாது. அண்மைக்காலமாக வாரம் ஒருமுறை போடும் நீண்டநேர வகையும் வந்திருக்கிறது; அமெரிக்காவில் குழந்தைகளுக்கு 2021இல் அனுமதி பெற்றது. தினசரி ஊசியிலிருந்து அதற்கு மாறுகிறவர்கள், பழைய மருந்தையும் அளவுச்சீட்டையும் வீட்டிலிருந்து அப்புறப்படுத்திவிட்டே மாறுவது நல்லது.

பக்கவிளைவு பற்றிப் பயமுறுத்த விரும்பவில்லை. பெரும்பாலான குழந்தைகள் இம்மருந்தை நன்றாகவே தாங்குகிறார்கள். ஆனால் சில அறிகுறிகளைப் பெற்றோர் வேறு காரணம் சொல்லித் தள்ளிவிடும் வாய்ப்பு அதிகம். விடாத தலைவலியும் வாந்தியும் கண் மங்கலும் சேர்ந்து வந்தால், அது மண்டைக்குள் அழுத்தம் கூடியதாக இருக்கலாம். நேராகக் கண்ணாடிக் கடைக்குப் போகாமல் அன்றே மருத்துவரிடம் போகவேண்டும். குழந்தை நொண்டினாலோ முழங்கால் வலிக்கிறது என்றாலோ இடுப்பைப் பார்க்கவேண்டும் என்பது எனக்கு வியப்பாக இருந்தது. வேகமாக வளரும் பிள்ளைகளுக்குத் தொடையெலும்பின் தலைப்பகுதி இடுப்பு மூட்டில் நழுவக்கூடும், அதன் வலி முழங்காலில் தெரியக்கூடும் என்று மருத்துவர் விளக்கினார். என் மகள் நான்காம் ஆண்டில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு வந்தபோது, கொக்கோ விளையாடியதால் வந்தது என்று பத்து நாள் தைலம் தேய்த்தேன். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை, உண்மையிலேயே கொக்கோதான். ஆனாலும் அந்தப் பத்து நாளுக்காக மருத்துவரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். முதுகெலும்பின் வளைவு, இரத்தச் சர்க்கரை, தைராய்டு ஆகியவற்றையும் கவனிக்கவேண்டும். மறைந்திருந்த தைராய்டு குறைவு சிகிச்சை தொடங்கியபின் வெளிப்பட்டு, ஊசி போட்டும் உயரம் ஏறாமல் போவதுண்டு. ஆகவே மூன்று முதல் ஆறு மாதங்களுக்கு ஒருமுறை உயரம், எடை, ஐ.ஜி.எஃப்-1 (மருந்து எவ்வளவு வேலை செய்கிறது என்பதைக் காட்டும் இரத்தச் சோதனை) முதலியவற்றைப் பார்த்து அளவைத் திருத்தவேண்டும். பேருந்துச் செலவையும் விடுப்பையும் நினைத்து, பழைய சீட்டையே காட்டி ஓராண்டு மருந்து வாங்குகிறவர்களை நான் அறிவேன்.

இதோடு ஒட்டிய இன்னொன்று, மறைத்துவைப்பது. பெண்பிள்ளைக்கு நாள்தோறும் ஊசி என்று வெளியே தெரிந்தால் நாளை கல்யாணத்துக்குத் தடையாகும் என்ற அச்சத்தால், பள்ளிக்கும் சொல்லாமல், காய்ச்சலுக்குப் போகும் உள்ளூர் மருத்துவரிடமும் சொல்லாமல் மறைக்கிறார்கள். பிட்யூட்டரியில் பிற ஹார்மோன்களும் குறைந்திருக்கும் குழந்தைகளுக்கு, குறிப்பாக நோயைத் தாங்க உடலுக்கு உதவும் கார்டிசால் என்ற ஹார்மோன் குறைவாக உள்ளவர்களுக்கு, சாதாரணக் காய்ச்சல், வாந்திகூட உயிருக்கே ஆபத்தாக முடியலாம். அதைத் தெரியாத மருத்துவர் என்ன செய்வார்? கால்பந்துக்காக எதையும் விட்டுக்கொடுக்கும் தூத்தூர், சின்னத்துறைப் பிள்ளைகளிடம் மெஸ்ஸியின் பெயரைச் சொல்லிப் பாருங்கள். அவர் சிறுவயதில் இதே குறைபாட்டுக்கு இரவுதோறும் ஊசி போட்டுக்கொண்டவர் என்பது உலகமறிந்த செய்தி. அவருக்கு இல்லாத வெட்கம் நமக்கு எதற்கு?

ஒருபுறம் தேவைப்படுகிறவர்கள் மறைக்க, மறுபுறம் தேவையில்லாதவர்கள் தேடுகிறார்கள். காவலர் தேர்வுக்கு 170 செ.மீ. வேண்டும், இரண்டு செ.மீ. குறைகிறது, "அந்த ஊசி" எங்கே கிடைக்கும் என்று என்னிடமே பழைய மாணவர்கள் இருவர் கேட்டிருக்கிறார்கள். எலும்பின் வளர்ச்சித் தட்டுகள் மூடிவிட்ட இருபது வயதில் இந்த ஊசியால் ஒரு மில்லிமீட்டரும் உயரம் கூடாது. தாடையும் கைகால்களும் தடிப்பது, மூட்டுவலி, சர்க்கரை ஆகியவைதான் மிஞ்சும். விளையாட்டு வீரர்களுக்கோ இது தடைசெய்யப்பட்ட பொருள். உடற்பயிற்சிக் கூடங்களில் கைமாறும் குப்பிகள் எந்தக் குளிரில் எத்தனை நாள் இருந்தன, உள்ளே இருப்பது என்ன என்பதற்கு யாரும் பொறுப்பில்லை.

பயன்படுத்திய ஊசிமுனைகள் பற்றியும் ஒரு வார்த்தை. ஆண்டுக்கு 365 முனைகள் ஒரு வீட்டிலிருந்து வெளியேறுகின்றன. இவற்றைச் சமையலறைக் கழிவோடு கட்டி வாசலில் வைத்தால், குத்துப்படுவது தூய்மைப் பணியாளரின் கைதான். வீடுகளில் சேரும் ஊசிகளைத் தீங்கு தரும் வீட்டுக்கழிவு என்று 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளே தனியாகக் குறிப்பிட்டன. நாங்கள் அவற்றைத் தடித்த பிளாஸ்டிக் புட்டியில் சேர்த்து, மூடியில் டேப் ஒட்டி, பரிசோதனைக்குப் போகும்போது மருத்துவமனையில் கொடுத்துவிடுவோம், ஒவ்வொரு முறையும் "இதை ஏன் இங்கே கொண்டுவருகிறீர்கள்?" என்ற கேள்விக்கும் பதில் சொல்லுவோம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இதற்கென ஒரு பெட்டி வைத்தால் இன்சுலின் போடுகிற ஆயிரக்கணக்கானவர்களுக்கும் பயன்படும்.

நான் கேட்பது பெரிய செலவு பிடிக்கும் காரியம் அன்று. ஊசி தொடங்கும் நாளில், அரசு மருத்துவமனையானாலும் தனியார் மருத்துவமனையானாலும், பெற்றோரில் ஒருவரையும் வீட்டில் மாற்றாக இருக்கப்போகும் இன்னொருவரையும் ஒரு மணி நேரம் உட்காரவைத்து, அவர்கள் கையாலேயே வெறும் நீரை எடுத்து, அளந்து, போட்டுக் காட்டச் செய்யவேண்டும். அளவை மில்லிகிராம், யூனிட், எந்த நிறச் சிரிஞ்சில் எத்தனை கோடு என்று மூன்று விதமாகவும் எழுதி, மின்சாரம் போனால் என்ன செய்வது என்பதையும் சேர்த்து, பெரிய எழுத்தில் தமிழில் ஒரு தாள் கொடுக்கவேண்டும். ஆசாரிபள்ளத்தில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரியின் குழந்தைகள் நலத்துறை அப்படி ஒரு தாளைத் தயாரித்தால், திருவனந்தபுரத்தில் சிகிச்சை பெறும் எங்கள் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கும் அதுவே உதவும். மருந்துக்கடைக்காரர்கள், குளிர்ப்பை இல்லாமல் வருகிறவருக்கு இம்மருந்தைக் கொடுப்பதில்லை என்று வைத்துக்கொள்ளலாம். ஐஸ் பேக் மருந்தை நேரடியாகத் தொடாமல் இடையே துணி வைத்துக் கொடுக்கலாம். கூரியரில் வரவழைப்பவர்களுக்கும் இது பொருந்தும். எங்களுக்கு வந்த ஒரு பார்சலை, நாங்கள் வீட்டில் இல்லாததால், பக்கத்துத் தேநீர்க் கடையின் அடுப்பருகே பகல் முழுவதும் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். 2021ஆம் ஆண்டின் தேசிய அரிய நோய்கள் கொள்கையில், உறுதிசெய்யப்பட்ட வளர்ச்சி ஹார்மோன் குறைபாட்டுக்கான சிகிச்சையும் இடம்பெற்றிருக்கிறது. அரசு பணம் செலவிடும் மருந்து ஃபிரீசரில் உறைந்து வீணாகாமல் காப்பதும் அரசுக்கு ஆதாயம்தானே?

என் மகளுக்கு முதலாண்டிலேயே 10 செ.மீ. ஏறியது. வளர்ச்சி ஓய்ந்துவிட்டதை உறுதிசெய்து 2023இல் ஊசியை நிறுத்தியபோது 153 செ.மீ. இருந்தாள். பெரியவர்களானபின் சிலருக்குக் குறைந்த அளவில் இம்மருந்து தொடர்ந்து தேவைப்படும் என்பதால் மறுபரிசோதனையும் செய்தார்கள், அவளுக்குத் தேவைப்படவில்லை.

அந்த இளம் தாய்க்கு, என் வீட்டில் சும்மா கிடந்த தெர்மாமீட்டரையும் பழைய டப்பாவையும் கொடுத்தனுப்பினேன். மறுவாரம் அவர் வீட்டுக்குப் போனபோது, ஃபிரிட்ஜின் நடுத்தட்டில் புது கார்ட்ரிட்ஜ் அந்த டப்பாவுக்குள் இருந்தது. மேலே என் கையெழுத்தில் இருந்த 2023ஆம் ஆண்டின் தேதியை அடித்துவிட்டு, கீழே அவர் தம் தேதியை எழுதியிருந்தார்.

இப்படிக்கு,
ஒரு தாய்,
கல்குளம் வட்டம், கன்னியாகுமரி மாவட்டம்.